காவலை முதலில் செய்வோம், வாளைப் பிறகு பூட்டுவோம்



இந்த நலவாழ்வுப் பக்கத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரோல் என்பவற்றைப் பற்றித்தான் நாம் பெரும்பாலும் வாசித்து வருகிறோம். இம்முறை உங்களை எங்கள் வீடுகளின் பேஸ்மென்டுக்குள் அழைத்துச் செல்லலாம் என்று எண்ணுகிறேன். மொன்றியலில் பனி கொட்டும் மாதங்களில் எம்மவர் பலர் பொழுதைக் கழிப்பது அங்கேதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒரு மூலையில் மேசையொன்றைப் போட்டு சாமித்தட்டு, புத்தக அலுமாரி, பேரப்பிள்ளைக்குத் தொட்டில் என்று ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் மரச்சாமானோடு நிற்பதில்லை. அதைச் செய்வதற்கு வேண்டிய மின் இயந்திரத்தையும் தாங்களே செய்துகொள்கிறார்கள். யாரோ தெருவோரம் எறிந்த உடுப்பு உலர்த்தியின் மோட்டரில் ஒரு சாணை, கையில் பிடிக்கும் வட்டவாளை மேசைக்குக் கீழே தலைகீழாகப் பூட்டி ஒரு மேசைவாள், பழைய விசிறியில் ஒரு தூசி உறிஞ்சி என்று அந்த மூலை நிரம்பியிருக்கும்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஊரில் பட்டறை வேலை பழகி, இங்கு வந்து தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தி, இப்போது ஓய்வில் இருப்பவன். ஆகவே இந்தப் பொழுதுபோக்கைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். இயந்திரத்தை வீட்டில் செய்வது பிழையல்ல. ஆனால் முதலில் வாளைப் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, மூடியையும் சுவிச்சையும் தூசிக்குழாயையும் "பிறகு பார்ப்போம்" என்று விடுகிறோமே, அதுதான் பெரிய பிழை. அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை.

அத்தானின் இரண்டு விரல்கள்

நான்கு வருடங்களுக்கு முன்னர், ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை. என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், தான் செய்த மேசைவாளில் தடித்த மேப்பிள் பலகை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார். அது உடுப்பு உலர்த்தியிலிருந்து கழற்றிய மோட்டர். பாதிப் பலகை அறுந்ததும் மோட்டர் நின்றுவிட்டது. சுவிச்சை நிறுத்திப் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. "மோட்டர் செத்துப்போச்சு போல" என்று மேலே இருந்த அக்காவுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். பிறகு பலகையை எடுத்து வைத்துவிட்டு, வாள் எங்காவது சிக்கியிருக்கிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்தார். சுவிச் போட்டபடியே இருந்தது. பிளக்கும் சுவரிலேயே இருந்தது.

மோட்டர் சாகவில்லை. சூடு கூடியதால் அதன் உள்ளே இருக்கும் வெப்பக்காவல் மின்சாரத்தைத் துண்டித்திருந்தது. இவ்வகை மோட்டர்கள் பலவற்றில் சூடு ஆறியதும் அந்தக் காவல் தானாகவே மீண்டும் இணைத்துவிடும். அன்று அது அத்தானின் கை வாளில் இருந்த நேரத்தில் இணைந்தது.

சுட்டுவிரலும் நடுவிரலும் போயின. சத்திரசிகிச்சையில் ஒன்றை மீண்டும் பொருத்தினார்கள். மற்றதைப் பொருத்த முடியவில்லை. பொருத்திய விரலில் இன்றைக்கும் முழு உணர்ச்சி இல்லை. இந்த ஊர்க் குளிர் தொடங்கும்போது முதலில் நோவது அந்த விரல்தான். பேரனின் குளிர்ச்சட்டைக்கு சிப் இழுத்துவிட அவரால் முடிவதில்லை. பேரன் தானே இழுத்துக்கொண்டு, "பரவாயில்லை தாத்தா" என்பான். அத்தான் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. அதே மோட்டர் உலர்த்திக்குள் இருந்தபோது இப்படித் தானாக ஓடத் தொடங்கியிருக்காது. உலர்த்தி ஒருமுறை நின்றால், யாராவது வந்து தொடக்கும் பொத்தானை அழுத்தினால்தான் மீண்டும் ஓடும். அதற்கான ஏற்பாட்டை அதைச் செய்தவர்கள் வைத்திருந்தார்கள். அத்தான் மோட்டரை எடுத்தார், அந்த ஏற்பாட்டை உலர்த்தியோடு எறிந்துவிட்டார். பழைய இயந்திரத்தில் இருந்து மோட்டர் எடுக்கும் எம்மில் எத்தனை பேர் இதை யோசித்திருப்போம்? உண்மையைச் சொன்னால், நானும் அதுவரை யோசித்ததில்லை.

இல்லாமையில் கற்ற கைப்பழக்கம்

இந்தக் கைப்பழக்கம் எமக்கு எங்கிருந்து வந்தது என்பதை வெளியாட்களுக்கு விளக்குவது கடினம். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் பற்றரி, பெற்றோல் எல்லாம் கிடைக்காமற் போயின. சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டோம். சில துளி பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். ஜாம் போத்தலில் திரி வைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்து பல்கலைக்கழகம் போனார்கள். "இருப்பதைக் கொண்டு செய்" என்பது எங்கள் தலைமுறையின் இரத்தத்தில் ஊறிய பாடம். அதில் பெருமைப்பட நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பாடத்தின் மறுபக்கத்தையும் இலங்கையிலேயே ஒருவர் எழுதினார். அவர் வைத்தியர் விஜய கொடகும்புர, ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். வீட்டில் செய்த போத்தல் விளக்குகள் கவிழ்ந்து எரிகாயத்தோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். மின்சாரம் இல்லாத ஏழைகளிடம் "விளக்குக் கொளுத்தாதீர்கள்" என்று சொல்வதில் பயனில்லை என்பது அவருக்கு விளங்கியது. எனவே விளக்கின் வடிவத்தை மாற்றினார். குட்டையான, கனமான போத்தல். எளிதில் கவிழாது. கவிழ்ந்தாலும் உருளாதபடி இரு பக்கமும் தட்டை. எண்ணெய் சிந்தாதபடி திருகி மூடும் உலோக மூடி. விலையும் மிகக் குறைவு. 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த இந்தப் பணிக்காக 1998 இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது.

எங்கள் பட்டறை இயந்திரங்களுக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். வீட்டில் செய்தது என்பதால் ஒரு பொருள் ஆபத்தாவதில்லை. கவிழும், உருளும், சிந்தும் என்று முன்கூட்டியே நினைத்துச் செய்யாததால்தான் ஆபத்தாகிறது. அந்த நாளில் நல்ல சாமான் வாங்க எமக்கு வழியில்லை. இன்று இந்த நாட்டில் வழியிருக்கிறது. அன்று தேவை எங்களைத் துணியச் செய்தது. இன்றும் அதே துணிவோடு வாளுக்கு முன்னால் நிற்பது திறமையல்ல.

மோட்டரும் மின்சாரமும்

ஊரில் பட்டறை வேலை பழகியவர்களுக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை. இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். இங்கே 60. அங்கே நிமிடத்துக்கு ஏறத்தாழ 1425 சுற்று ஓடும் வகை மோட்டர் இங்கே 1725 ஓடும். 2850 ஓடும் வகை இங்கே 3450 ஓடும். ஊரில் மனப்பாடமான கப்பிக் கணக்கை அப்படியே இங்கு போட்டால், சாணைக்கல்லோ வாளோ ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுழலும். கல்லைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அது 44 சதவீதம் அதிகமாகும். ஒவ்வொரு சாணைக்கல்லின் மேலும் வாளின் மேலும் ஆகக்கூடிய சுற்று எண்ணிக்கை அச்சிடப்பட்டிருக்கும். கப்பி வாங்க முன்னர் அதைப் பாருங்கள்.

10 அங்குல வட்டவாள் ஒன்று நிமிடத்துக்கு 3450 சுற்று ஓடினால், அதன் பல் மணிக்கு ஏறத்தாழ 165 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. நெடுஞ்சாலையில் எமக்கு அனுமதித்தது 100. அந்த வேகத்தில் கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு நேரம் கிடையாது.

அடுத்தது சுவிச். வீட்டு விளக்குக்குப் போடும் சாதாரண சுவிச்சை இயந்திரத்துக்குப் போடுகிறோம். மின்தடை வந்தால் இயந்திரம் நிற்கும். மின்சாரம் திரும்பி வந்தால் அதுவும் தானாக ஓடும். மொன்றியலில் இது வெறும் கற்பனையல்ல. 1998 ஜனவரி உறைபனி மழையில் வாரக்கணக்காக இருட்டில் இருந்ததை மறந்திருக்க மாட்டோம். 2023 ஏப்ரல் 5 ஆம் திகதி உறைபனி மழையிலும் கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமற் போனது. அப்படியான நேரத்தில் போட்டபடியே விட்ட வாள், நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் யாரும் இல்லாத பேஸ்மென்டில் சுழலத் தொடங்கும். காலையில் அங்கே முதலில் இறங்குவது ஒரு குழந்தையாகவும் இருக்கலாம்.

இதற்கென்றே காந்தச் சுவிச் விற்கிறார்கள். மின்சாரம் நின்றால் அது தானே விடுபட்டுவிடும், பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மீண்டும் ஓடும். அத்தானின் வாளில் அது இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டருக்குள் இருக்கும் வெப்பக்காவல் துண்டிக்கும்போது சுவிச்சுக்கு மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும், அது விடுபடாது. ஆகவே பழைய மோட்டர் எடுப்பதாக இருந்தால், கையால் அழுத்தி மீட்டமைக்கும் சிவப்புப் பொத்தான் உள்ள மோட்டராகத் தேடி எடுங்கள். எந்த இயந்திரமானாலும், வாளில் கை வைக்க முன்னர் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி கண்ணுக்குத் தெரியும்படி மேசைமேல் வையுங்கள். இது ஒரு சதம் செலவில்லாத காவல்.

கியூபெக்கில் வீட்டின் மின்கம்பி இணைப்பு வேலைகளை வீட்டுக்காரர் தாமே செய்ய அனுமதியில்லை. உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரர்தான் செய்ய வேண்டும். பட்டறைக்குத் தனி இணைப்பு எடுப்பதாயின் அவர்களை அழையுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் துண்டிக்கும் பிளக் புள்ளியையும் அப்போதே போடச் சொல்லுங்கள். ஐந்து மில்லி அம்பியர் அளவு கசிந்தாலே அது துண்டித்துவிடும். நிலம் ஈரமான பேஸ்மென்டில் அது உயிர்க்காவல்.

கண்ணுக்குத் தெரியாத தூள்

விரல் போவது எல்லோருக்கும் தெரியும் விபத்து. நெஞ்சுக்குள் போவது மெதுவாக நடக்கிறது, அதனால் யாரும் கணக்கெடுப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வெளியிட்ட அறிக்கையில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. மூக்கிலும் அதைச் சூழ்ந்த எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய் அது. அரிதானது. வருடக்கணக்காகத் தளபாடத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களிடமே பெரும்பாலும் கண்டறியப்பட்டது. வார இறுதியில் ஒரு மணித்தியாலம் மரம் அறுப்பவருக்கும் அதே அளவு ஆபத்து என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் தொழிற்சாலையில் கூரை உயரம், காற்றோட்டம் பெரியது. எங்கள் பேஸ்மென்டில் கூரை தலையில் இடிக்கும், குளிருக்காக ஜன்னலும் அடைத்திருக்கும். அந்த நுண்தூள் மணித்தியாலக் கணக்கில் காற்றில் மிதக்கும். சூடாக்கும் காற்றுக் குழாய் உள்ள வீடானால் மேல்மாடியில் தூங்கும் பிள்ளையின் அறை வரைக்கும் போகும்.

நாம் கூட்டி அள்ளும் தூள் அவ்வளவு மோசமில்லை. அதை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரைக்கும் இறங்குகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஜன்னலூடாக வெயில் விழும்போது மட்டும் கொஞ்சம் மினுங்கும்.

கனடாவில் வேலி, டெக் என்று எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் மேற்குச் சிவப்பு சீடர் மரத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதன் தூளில் உள்ள பிளிக்காட்டிக் அமிலம் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பதை வன்கூவரில் வைத்தியர் மொய்ரா சான்-யங்கும் அவரது குழுவினரும் ஆராய்ந்து நிறுவினார்கள். அந்த மரத்தோடு வேலை செய்பவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. இதன் தந்திரம் என்னவென்றால், பலருக்கு வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. இரவு படுத்த பிறகுதான் இருமலும் இழுப்பும் வரும். "பனிக்குளிர் பிடித்துவிட்டது" என்று நாம் கஷாயம் குடித்துக்கொண்டிருப்போம். ஊரில் முதிரைப் பலகை சீவும் தச்சர்களில் சிலருக்குத் தோல் அரித்துத் தடித்ததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். மரத்துக்கும் உடம்புக்கும் ஒவ்வாமை உண்டு என்பது எமக்குப் புதிய செய்தியல்ல.

இலவசமாகக் கிடைக்கும் மரத்திலும் கவனம் தேவை. 1960க்கு முன்னர் கட்டிய வீடுகளின் பழைய கதவு, ஜன்னல் பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்து மாடிவீடுகள் பல அந்தக் காலத்தவை. அந்தப் பலகையை மணற்தாளால் தேய்த்தால் ஈயத்தூள்தான் பறக்கும், அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2004க்கு முன்னர் செய்த பச்சை நிற டெக் பலகைகளில் ஆர்செனிக் இருக்கலாம். பலெட் கட்டைகளில் எச்.டி. என்று முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் நச்சுவாயுவால் பதப்படுத்தியது, அதைத் தொடாமல் விடுங்கள்.

காதுக்கு வேலி இல்லை

வட்டவாளின் சத்தம் 100 டெசிபெல் அளவில் இருக்கும். கியூபெக் அரசாங்கம் 2023 ஜூன் மாதம் தொழிலிடங்களின் சத்த எல்லையை 8 மணித்தியாலத்துக்கு 90 இலிருந்து 85 டெசிபெலாகக் குறைத்தது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அனுமதிக்கும் நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு ஒரு நாளைக்கு 15 நிமிடம் மட்டுமே. தொழிற்சாலையில் பரிசோதகர் வந்து பார்ப்பார். எங்கள் பேஸ்மென்டுக்கு எந்தப் பரிசோதகரும் வரமாட்டார். காதில் இரைச்சல் வந்த பிறகு, அதை முன்பிருந்தபடி ஆக்க மருந்தில்லை. கோவிலில் நாதஸ்வரம் கேட்கவும், தொலைபேசியில் பேத்தி கதைப்பதை விளங்கிக்கொள்ளவும் அந்தக் காது எமக்கு வேண்டும். சில டொலருக்குக் காதடைப்பான் கிடைக்கிறது.

செய்யவே கூடாத ஒன்று

வீட்டில் செய்யும் கருவிகளில் ஒன்றுக்கு மட்டும் நான் எந்த விட்டுக்கொடுப்பும் தரமாட்டேன். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியைக் கழற்றி, அதன் மின்சாரத்தால் பலகையில் மரக்கிளை போன்ற கோலம் எரிக்கும் கருவி அது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த மின்மாற்றி தருவது ஏறத்தாழ 2000 வோல்ட். தொட்டால் கை உதறி விடுபடுவதற்கே அவகாசம் இருக்காது. நான் மேலே புகழ்ந்த மின்கசிவுக் காவல்கூட இதில் உதவாது, ஏனென்றால் மின்மாற்றியின் மறுபக்கத்து மின்சாரத்தை அது காணாது. அமெரிக்க மரக்கடைச்சலர் சங்கம் இந்த முறையைத் தன் நிகழ்ச்சிகளில் முற்றாகத் தடைசெய்துவிட்டது. 30க்கும் மேற்பட்ட மரணங்களை அது பதிவு செய்திருக்கிறது. அவர்களில் மின்வேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். உங்கள் வீட்டு இளைஞர்கள் யாராவது இதைச் செய்ய வெளிக்கிட்டால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

அப்படியானால் எதைச் செய்யலாம்?

எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் வயதானவர்கள் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கையால் ஒன்றைச் செய்து முடிப்பதில் இருக்கும் மனநிறைவுக்கு ஈடில்லை. ஓய்வு பெற்ற ஆண்களின் தனிமையைப் போக்குவதற்காகவே பொதுப்பட்டறைகளைத் திறக்கும் இயக்கம் ஒன்று 1990களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. கனடாவில் அது வினிப்பெக் நகரத்தில் முதலில் வேரூன்றியது. எங்கள் சமூகத்தில் மனைவியை இழந்து, பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு நாள் முழுவதும் றீவிக்கு முன்னால் இருக்கும் பெரியவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஒரு சீவுளியும் ஒரு பலகையும் கொடுப்பது மருந்துக்குச் சமம்.

வீட்டில் செய்த இயந்திரமும் நன்றாக இருக்கலாம். கனடியப் பொறியியலாளர் மத்தியாஸ் வாண்டெல், பிளாக்பெரி தொலைபேசி செய்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர், சக்கரம் முதல் உடல் வரை ஒட்டுப்பலகையால் பட்டைவாள் செய்து உலகறியக் காட்டியிருக்கிறார். ஆனால் அவர் அளந்து, கணக்குப் போட்டு, பரிசோதித்துச் செய்பவர். நாமும் செய்வதானால் அந்த ஒழுங்கையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டும்.

என் கருத்தில், நீங்கள் செய்யும் முதல் இயந்திரம் எதையும் அறுக்காத இயந்திரமாக இருக்கட்டும். 2020 இல் கொவிட் பரவியபோது றிச்சர்ட் கோர்சி, ஜிம் றோசென்தால் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு காற்றுச் சுத்திகரிப்பானை உருவாக்கினார்கள். நான்கு மேர்வ் 13 தர வடிகட்டிகளைப் பெட்டிபோல் நிறுத்தி, மேலே ஒரு சதுர விசிறியை வைத்து, ஒட்டுநாடாவால் ஒட்டினால் முடிந்தது. ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம். நுண்தூளையும் பிடிக்கும். அடுத்ததாக, மூடியுள்ள வாளி ஒன்றில் காற்றைச் சுழலவிட்டு மரச்சீவலைக் கீழே விழவைக்கும் சூறாவளி முறைத் தூசிபிடிப்பானைச் செய்யலாம். அதை உறிஞ்சும் இயந்திரத்தோடு இணைத்தால் வடிகட்டி அடைபடாது. இவற்றைச் செய்து முடித்தவருக்கு மோட்டர், விசிறி, காற்றோட்டம் எல்லாம் விளங்கிவிடும். அதன் பிறகும் நுண்தூளுக்கு என்95 முகக்கவசம் போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

மேசைவாளை மட்டும் வாங்குங்கள் என்பது என் ஆலோசனை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழுவின் மதிப்பீட்டில் அந்த நாட்டில் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 30,000 பேர் மேசைவாளில் வெட்டுப்பட்டு அவசரப் பிரிவுக்குப் போகிறார்கள். அவர்களில் 4,000 பேர் அளவில் உறுப்பை இழக்கிறார்கள். இவை கடையில் வாங்கிய வாள்களையும் சேர்த்த கணக்கு. அப்படியிருக்க, வாளுக்குப் பின்னால் நின்று கட்டை திருப்பி எறியப்படாமல் காக்கும் பிரிப்புத் தகடும், மேல் மூடியும் இல்லாமல் நாம் செய்யும் வாள் எந்த நிலையில் இருக்கும்? 1999 இல் ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் தோல் பட்டவுடன் நொடியின் 200 இல் ஒரு பங்கு நேரத்துக்குள் வாளை நிறுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். சோஸ்டொப் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. விலை அதிகம்தான். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் அதிகமில்லை.

விபத்து நடந்துவிட்டால்

இதை வெட்டி எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பிளக்கைக் கழற்றுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் இறுக அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். 911ஐ அழையுங்கள். காயப்பட்டவர் தானே கார் ஓட்டக்கூடாது.

துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போடாதீர்கள், தசை உறைந்து கெட்டுவிடும். தண்ணீருக்குள்ளும் ஊறவைக்காதீர்கள். துண்டு சிறிது என்று எறிந்துவிடாதீர்கள். துண்டான விரலை மீண்டும் பொருத்தும் கியூபெக் மாகாணத்துக்கான சிறப்பு நிலையம் எங்கள் நகரத்து ஷூம் மருத்துவமனையில்தான் இருக்கிறது. அதைப் பொருத்த முடியுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

இரவில் வரும் இருமல், குறையாத மூக்கடைப்பு, அடிக்கடி மூக்கில் இரத்தம் என்பவை இருந்தால் குடும்ப வைத்தியரிடம் "நான் மரவேலை செய்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர் கேட்கமாட்டார். வைத்தியர் இல்லாதவர்கள் 811ஐ அழைத்துத் தாதியோடு கதைக்கலாம்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்

எமது சங்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வைக்கிறது, பெரியவர்களுக்கு யோகா வைக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு பொதுப்பட்டறை வைத்தால் என்ன? இந்த நகரத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. வில்லரே பகுதியில் 2015 இல் லா றெமீஸ் என்ற பெயரில் கருவி நூலகமே தொடங்கினார்கள். நாம் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. மின்வேலை தெரிந்தவர், இயந்திரம் தெரிந்தவர், தாதியாக வேலை பார்த்தவர் என்று எங்களுக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் இயந்திரம் செய்தவர் அதன் படத்தையாவது கொண்டுவரட்டும். மற்றவர்கள் பார்த்து, எங்கே கை மாட்டும், எங்கே தீப்பற்றும் என்று சொல்லட்டும். தான் செய்ததில் உள்ள குறை தன் கண்ணுக்குத் தெரியாது. இது கௌரவப் பிரச்சினை அல்ல, விரல் பிரச்சினை.

அத்தான் இப்போதும் பேஸ்மென்டுக்கு இறங்குகிறார். மின்வாளை விற்காமல், வேறு யாரும் எடுத்து ஓட்டக்கூடாது என்று தானே துண்டு துண்டாகக் கழற்றி எறிந்துவிட்டார். இப்போது கைவாளும் உளியும்தான். போன மார்கழியில் பேரனுக்கு ஒரு சிறிய தேர் செய்து கொடுத்தார். மூன்று மாதம் எடுத்தது. "அவசரமென்ன, நான் எங்கே போகப்போறன்?" என்று சிரிக்கிறார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். எங்கள் தொழிலில் விரல்தான் சுவர். இந்த வார இறுதியில் உங்கள் பட்டறைக்குள் இறங்கும்போது, எதையும் ஓட்ட முன்னர், பிளக் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்தில் என்னோடு கதையுங்கள்.

நலமே வாழ்க.